கீபோட் சொன்ன ஓம்

கோப்பாய்,
சனிக்கிழமை மத்தியானம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எட்வேர்ட் அண்ணை அவர்கட்கு,

தம்பிராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. "சம்பந்தி அவர்கட்கு" என்றுதான் முதலில் எழுதினேன். போன ஞாயிறுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை இருக்கிறதோ என்று யோசித்துத் தாளை மாற்றிவிட்டேன். கர்த்தருடைய கிருபையால் நானும் மனைவி நேசமலரும் மகள் ஜெயனியும் சுகம். அச்சுவேலியில் நீங்களும் றெஜினா அக்காவும் சுகமென்றே நம்புகிறேன். சுகமில்லாவிட்டால் என் அழைப்பை எடுத்து அதையாவது சொல்லியிருப்பீர்கள். ஒரு கிழமையாக மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது. ஆகவே இந்தக் கடிதம். கிழிக்கமுன் வாசியுங்கோ.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு எங்கள் தேவாலயத்தில் ரொறன்ரோவில் இருக்கிற உங்கள் மகன் ஜொனதனுக்கும் என் மகள் ஜெயனிக்கும், மூன்று ஞாயிறு அறிவிக்கிற கல்யாண ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தபோது, இந்த விவாகத்துக்குத் தடை இருப்பதாக எவருக்காவது தெரியுமா என்று போதகர் ஐயா கேட்க, தெரியும் என்று ஆமோதிக்கிற மாதிரி "ஓம்" என்று ஒரு சத்தம் வந்ததல்லவா? அந்த ஓமை நான் சொல்லவில்லை. நேசமலர் சொல்லவில்லை. எங்கள் சபையில் எந்த மனுசரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது கீபோட். ஒரு கீபோட் எப்படி ஓம் சொல்லும் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான் அண்ணை! நான் வாழ்நாள் முழுக்கப் பௌதிகம் படிப்பித்தவன்; ஒழுங்காக விளங்கப்படுத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் தேவாலயத்தில் இருந்த, காலால் மிதிக்கிற பழைய ஆர்மோனியம் உங்களுக்குத் தெரியும். அதன் துருத்தியை எலி தின்றுவிட்டது. பிறகு எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் இரண்டாம் அடியிலேயே அதற்கு இழுப்பு வந்துவிடும். சபைக் கமிற்றி கூடி, பாவித்த சாமானாக நல்லது ஒன்று எடுப்போம் என்று தீர்மானித்து, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற கஜானனிடம் ஒரு கீபோட் வாங்கியது. கஜானன் என்னிடம் படித்த பெடியன். கோயில் திருவிழா, கல்யாணவீடு என்று இசைக்குழுவோடு வாசித்துத் திரிகிறவன். கொண்டுவந்து வைத்த முதல் ஞாயிறே, சபையின் வாத்தியக்காரனான நான் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். "சற்று நேரம் மௌனமாக ஜெபிப்போம்" என்றார் போதகர் ஐயா. மௌனத்துக்கு அடியில் ஒரு மெல்லிய சுரம் கிடந்தால் பக்தியாக இருக்கும் என்று நினைத்து, இடது கையால் ஆகக் கீழே இருந்த கட்டையைப் பூப்போலத் தொட்டேன். கெட்டிமேளம்! ஒரு தவில் அல்ல அண்ணை, ஒரு கூட்டமே வந்து நின்று அடிக்கிறது, மேலே நாதஸ்வரம் வேறு. கையை எடுத்தேன், நிற்கவில்லை. திரும்ப அழுத்தினேன், தொடக்கத்திலிருந்து அடித்தது. அயலில் சைவக் கல்யாணங்களுக்குப் போய்ப் பழகிய எங்கள் சனம், முன்வரிசையில் இரண்டு பேர், கண்ணை மூடியபடியே கையை உயர்த்தி, வீசுவதற்கு அரிசி இல்லாததால் இறக்கிவிட்டார்கள். நான் பாய்ந்துபோய் பிளக்கை இழுத்தேன். அது மைக்கின் பிளக். போதகர் ஐயாவின் வாய் அசைகிறது, கேட்பது மேளம் மட்டும்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையைச் சொல்லட்டோ? அந்த மேளம் அடித்து முடியும்வரை என் மண்டைக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: ஒரு கட்டைக்குள் இத்தனை பேர் எப்படி இருக்கிறார்கள்? ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். தொட்டால் வரும், விட்டால் போகும். இது என்ன அதிசயம்? ஆராதனை முடிந்த கையோடு கஜானன் வீட்டுக்குச் சைக்கிளை விட்டேன்.

"சேர், உது சுரம் வாசிக்கிற கட்டை இல்லை," என்றான் கஜானன். "நான் முதலே வாசிச்சுப் பதிஞ்ச துண்டை அந்தக் கட்டையிலை கட்டி விட்டிருக்கிறன். நீங்கள் தொட, அது தன்ரை பாட்டிலை போகும்."

"எதுமட்டும் போகும்?"

"முடியுமட்டும் போகும்."

"முடிஞ்சால்?"

"திரும்பத் தொடங்கும். நிப்பாட்டுறதெண்டால் வேறை கட்டை இருக்கு."

"அதை ஏனடா முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆர்மோனியத்துக்குப் பதிலா ஓகன் ஒண்டு எண்டுதானே சேர் கேட்டனீங்கள்."

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம்தான். விளங்கினால் நீங்களும் அதிசயப்படுவீர்கள். பதிந்த துண்டை ஒரு கட்டையில் கட்டுவதற்குப் பல விதம் உண்டு. ஒரு விதத்தில், தொட்டுவிட்டு நீங்கள் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். அது வாசித்து முடித்துவிட்டுத் தானாக நிற்கும். இன்னொன்றில் விரல் கட்டையில் இருக்கும்வரைதான் பாட்டு, எடுத்தால் பாதியில் அறுந்துவிடும். மற்றது நான் மாட்டுப்பட்ட விதம், சுற்றிச் சுற்றி வருவது. இதற்கெல்லாம் மேலே ஒரு சூட்சுமம்: தொட்ட உடனே ஒலிக்காமல், அடுத்த தாளக்கட்டு தொடங்கும்வரை பொறுத்து நின்று, பிறகு தொடங்கும்படியும் விடலாம். பொறுமை உள்ள கட்டை! எங்கள் கமிற்றியில் அப்படி ஒருவரும் இல்லை.

கஜானன் பதிந்து வைத்திருந்தவை மேளம், சங்கு, கோயில் மணி, அதற்கு அடுத்ததில் ஓம். திருவிழாவில் கச்சேரி தொடங்க முன் போடுவதற்காகத் தன் சொந்தக் குரலில், அடித்தொண்டையில் இழுத்துச் சொல்லிப் பதிந்த ஓம். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னது கமிற்றி. மேளத்தையும் சங்கையும் மணியையும் அழித்தேன். ஓமை அழிக்க மனம் வரவில்லை. மதத்தால் அல்ல அண்ணை, விடுப்பு அறிகிற ஆசையால். மற்றதெல்லாம் வாத்தியம், இது ஒரு மனுசக் குரல். மனுசக் குரலை ஒரு கட்டைக்குள் அடைத்தால் அது என்னவெல்லாம் செய்யும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். என் பக்கத்துப் பிழை அது ஒன்றுதான்.

பிறகு நானும் பதிந்தேன். எங்கள் பாடகர் குழு என் முதுகுக்குப் பின்னால், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெயனியும் அதில்தான் பாடுகிறாள். அவர்களை நான்கு குரலில் ஒரு ஆமென் பாடவைத்துப் பிடித்து, ஒரு கட்டையில் கட்டினேன். இனி ஒவ்வொரு ஜெபத்துக்கும் விரல் வைத்தால் போதும். "அப்ப நாங்கள் இனி வீட்டை நிக்கட்டோ சேர்?" என்று ஒரு பெட்டை கேட்டாள். கேலி என்று அப்போது விளங்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பொறுமைச் சூட்சுமத்தை நிறுத்த மறந்து போனேன். ஜெபம் முடிகிறது, தொடுகிறேன், ஆமென் வரவில்லை. செயலாளர் அறிவித்தலுக்கு எழும்பி, "கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சு, இந்தக் கிழமை ஒருதருக்கும் தண்ணி இல்லை" என்று சொல்லி வாய் மூட, நான்கு குரலில் "ஆ...மென்." செயலாளர் இன்றுவரை என்னோடு கதைக்கிறாரில்லை.

இனி போன ஞாயிறு. நீங்கள் எல்லாரும் வான் பிடித்து வந்து இறங்கியதும், றெஜினா அக்கா நேசமலரைக் கட்டிப் பிடித்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓலையைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்த பிறகு, சனத்துக்கு வடிவாக விளங்கட்டும் என்று எங்கள் போதகர் ஐயா தலையை நிமிர்த்திப் பேச்சிலும் ஒருக்கால் கேட்பார்: "என்ன, ஆருக்கேன் தடை கிடை தெரியுமோ?" முதல் இரண்டு ஞாயிறும் மூச்சுச் சத்தம் இல்லை. மூன்றாம் ஞாயிறு, "ஓம்."

சின்ன ஓம், தெளிவான ஓம், ஸ்பீக்கர்ப் பக்கத்திலிருந்து. தேவாலயம் முழுவதும் திரும்பியது. "ஆர்... ஆர் சொன்னது?" என்றார் போதகர் ஐயா, வாசித்த தாள் அவர் கையிலிருந்து விழுந்துவிட்டது. நான் அந்தரப்பட்டு எழும்பி, "மன்னிக்கவேணும் ஐயா, கீபோட் சொன்னது" என்றேன். அதோடு இருந்திருக்கலாம். விசரன், விளங்கப்படுத்தப் போனேன்: "அது எங்கடை ஓம் இல்லை ஐயா, சைவக் கோயில் ஓம்." கல்யாணத்துக்குத் தடை சொன்னவன் ஆர் என்று தேடிய சனம், இப்போது தேவாலயத்துக்குள் பிரணவம் ஓதியவன் ஆர் என்று பார்த்தது. நீங்கள் எல்லாரும் எழும்பி வெளியே போனீர்கள். வான் போய்விட்டது.

வீட்டில் விடியப்புறம் தொடங்கி நேசமலர் ஆக்கிய நண்டுக் கறி உங்களுக்காகக் காத்திருந்தது. "கோதாரி விழுந்த கீபோட்டைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போடுங்கோ! என்ரை பிள்ளையின்ரை கல்யாணத்தைக் குழப்பிப் போட்டியளே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஜெயனி மட்டும் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படிப் பசிக்குமாம்.

அண்ணை, சிரிக்கிற விஷயம் இல்லை இது. ஊரில் இப்போது கதை வேறு மாதிரி உலாவுகிறது. ரொறன்ரோவில் ஜொனதனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதாம், அது எனக்குத் தெரிந்துவிட்டதாம், வாயால் சொல்லப் பயந்து கட்டையால் சொன்னேனாம். உங்கள் பிள்ளைக்குக் கெட்ட பெயர். என் பிள்ளைக்கு வாழ்க்கையே போகப்போகிறது. கண்ணை மூடினால் எனக்கு இதுதான் வருகிறது. ஆகவே குற்றவாளி கீபோட்தான் என்று நிரூபிப்பது என் கடமை. அதை ஓட்டோவில் ஏற்றி வீட்டு விறாந்தையில் வைத்துப் பரிசோதனை தொடங்கினேன்.

முதலில் அந்தக் கட்டையைத் தொட்டேன். கஜானனின் ஓம் வந்தது. ஆனால் சிக்கல்: அது நீளமான ஓம், ஆம்பிளைக் குரல், நேசமலர் அடுப்படியிலிருந்து வந்து என்னை ஏசிவிட்டுத் திரும்பிப் போகும்வரை இழுக்கும். அன்று நாங்கள் கேட்டது சின்ன ஓம். சரி, விரல் வைத்து உடனே எடுத்தால் அறுந்துவிடும் விதத்தில் விட்டுப் பார்ப்போம் என்று பார்த்தேன். "ஓ" மட்டும் வருகிறது, "ம்" இல்லை! ம் கடைசியில்தானே இருக்கிறது. அதற்கு முன்னமே அறுந்துவிடுகிறது. உடனே நேசமலரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"இஞ்சாரும், அண்டைக்கு ம் கேட்டதோ?"

"கேட்டது. ம்மிலைதான் அழுத்தமே இருந்தது. உங்களுக்கு வேறை வேலை இல்லையே?"

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பிடிபட்டது! பதிந்த குரலை அதே கட்டையில் வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. மேல் கட்டைக்கு ஏற்றினால், அதே பதிவு கெதியாகவும் ஓடும், குரலும் உயரும். கசெற்றை வேகமாக ஓடவிட்ட மாதிரி. ஏற்றினேன். தொட்டேன். சின்ன ஓம், முழு ம்மோடு, அதுவும் என்ன குரலில் என்கிறீர்கள்? பொம்பிளைக் குரலில்! விறாந்தையில் துள்ளிக் குதித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, அன்று கேட்டதும் பொம்பிளைக் குரல் மாதிரித்தான் இருந்தது. "பிள்ளை, ஓடி வா, கேள், இதுதானே?" என்று ஜெயனியைக் கூப்பிட்டேன். அவள் வீடு கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு வந்து நின்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட, அப்பா. ஆனா இது கீச்சிடுது. அண்டைக்குக் கேட்டது கீச்சிடேல்லை."

நல்ல காது அவளுக்கு, என்னிடமிருந்து வந்தது. ஒரு கட்டை இறக்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். இன்னும் இறக்கினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "அப்பா, சாப்பிட வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே என் முடிபு இது. என் சட்டைக் கை ஒரு பொத்தானில் பட்டுக் குரலை மேலே ஏற்றியது. முழங்கை கட்டையில் பட்டது. கட்டை தாளத்துக்காகப் பொறுத்து நின்று, போதகர் ஐயாவின் கேள்விக்குறி விழுந்த இடத்தில் சரியாக வெளியே வந்தது. மூன்றும் ஒன்றாக நடப்பது அரிதுதான். ஆனால் நடக்கவே நடக்காது என்று எந்தப் பௌதிகப் புத்தகமும் சொல்லவில்லை.

போதகர் ஐயாவிடம் இதைப் படம் கீறி விளங்கப்படுத்தினேன். பாதியிலேயே அவர், "சரி தம்பிராசா, சரி, நாளைக்கு இன்னொருக்கால் வாசிப்பம்" என்று ஒத்துக்கொண்டார். ஆகவே நாளை ஞாயிறு மூன்றாம் ஓலை திரும்ப வாசிக்கப்படும். தயவுசெய்து குடும்பமாக வாருங்கோ. நேசமலர் மறுபடியும் நண்டுக்குச் சொல்லிவிட்டாள். கஜானனின் ஓமை நேற்று என் கையாலேயே அழித்துவிட்டேன். இனி அந்தக் கட்டை ஊமை. நாளைக்கு எங்கள் தேவாலயத்தில் எவரும் ஓம் சொல்லமாட்டார்கள், அதற்கு நான் உத்தரவாதம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் கஜானன்தான், பின்னேரம் உங்கள் பக்கம் ஒரு கல்யாணவீட்டுக்கு வாசிக்க வருகிறான். சந்தேகம் இருந்தால் அவனையே ஓம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ.

றெஜினா அக்காவுக்கு எங்கள் அன்பு. தூரதேசத்தில் குளிரில் நிற்கிற மருமகன் ஜொனதனுக்கு எங்கள் ஆசீர்வாதம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும், வீட்டில் உள்ள தொலைபேசியையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
கர்த்தருக்குச் சித்தமானால் உங்கள் சம்பந்தி,
ச. தம்பிராசா
(இளைப்பாறிய பௌதிக ஆசிரியர்)

பி.கு.: உறையை ஒட்டமுன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி ஜெயனியிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். சிரித்தாள். பிறகு கதிரையில் இருந்து, "அப்பா, உந்தக் கீபோட் பாவம். அந்த ஓம் நான் சொன்னது" என்றாள்.

என் வாயில் முதலில் வந்த கேள்வி, "எந்தச் சுரத்திலை?" கேட்டுவிட்டேன் அண்ணை, மறைக்கவில்லை. அவள் அதற்கும் சிரித்து, சிரிப்பு முடிய அழத் தொடங்கிவிட்டாள்.

"கல்யாணம் எண்டு நீங்கள் சொன்னியள். அம்மா சொன்னவ. றெஜினா மாமி சாறி நிறமும் சொல்லிப் போட்டா. எல்லாரும் எனக்குச் சொன்னவை, ஒருதரும் என்னைக் கேட்கேல்லை. போதகர் ஐயாதான் முதல் முதல் கேட்டவர், ஆருக்கேன் தெரியுமோ எண்டு. எனக்குத் தெரியும், அப்பா. எனக்கு விருப்பமில்லை. அதான் ஓம் எண்டனான்."

"அப்ப ஏன் பிள்ளை ஒரு கிழமையாச் சொல்லேல்லை?"

"நான் எழும்ப முதல் நீங்கள் எழும்பி, கீபோட் எண்டிட்டியள். பேந்து அதை எத்தினை கேள்வி கேட்டியள்! குரல் ஏன் உயருது, ம் எங்கை போச்சுது... என்னட்டை ஒண்டு கேட்டனீங்களே?"

அரைச் சுரம் பிசகினாலும் பிடிக்கிற காது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான். பெற்ற பிள்ளையின் குரல் எனக்குப் பிடிபடவில்லை. அது தன் குரல் என்று எனக்குப் பிடிபடவேண்டும் என்றுதானே அவள் "இன்னும் கொஞ்சம்" என்று இறக்கச் சொன்னாள். வெட்கமாக இருக்கிறது அண்ணை. பாடகர் குழுப் பெட்டைகள் எல்லாருக்கும் அன்றே தெரியுமாம். நேசமலர் ஏசவில்லை, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு இருக்கிறாள்.

ஜொனதனில் ஒரு குறையும் இல்லை, நல்ல மனுசன், உங்களுக்கு அதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள். அவருக்கும் இன்றிரவு தானே எடுத்துச் சொல்லுவாளாம். கீபோட் வேலை செய்கிற விதம் பற்றி மேலே எழுதியதெல்லாம் உண்மை, அதனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. உத்தரவாதத்தை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

ஓலையை வாசிக்கவேண்டாம் என்று போதகர் ஐயாவிடம் இப்போதே போய்ச் சொல்லுகிறேன் என்றேன். "வேண்டாம் அப்பா, அவர் கேட்கட்டும். ஜொனதனிலை ஊர் போட்ட பழியை நான் எல்லாருக்கும் முன்னாலை துடைக்கவேணும்" என்றாள். ஆகவே வாசிப்பார், கேட்பார். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்குக் குறையில்லை. அந்த நேரம் நான் கீபோட்டில் இருக்கமாட்டேன், ஜெயனிக்குப் பக்கத்தில் இருப்பேன். அவள் சொல்லுவது கடைசி வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கேட்காவிட்டால், நான் எழும்பித் திருப்பிச் சொல்லுவேன்.